பொக்கட் இல்லாமல் ஐரோப்பா போன ஷேர்ட்டுகள்

1. கத்தி நின்ற காலை

கட்டர் கத்தி துணிக்குள் பாதி தூரம் போயிருந்தது. மெனேஜர் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார்.

"வெட்ட வேணாம். ஒருத்தரும் வெட்ட வேணாம்."

மெனேஜர் சிங்களவர். எங்களோடு எப்போதும் சிங்களத்தில்தான் பேசுவார். கோபமோ பயமோ வந்தால் மட்டும் தமிழ் வரும். அன்று தமிழ் வந்தது. விஷயம் பெரிது என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கார்மென்ட் ஃபெக்டரியில் கட்டிங் செக்‌ஷனில் ஹெல்பராகச் சேர்ந்தேன். அதே செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். என் பெயர் சரோஜா. இப்போது அந்த மேசையில் நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அன்று மேசையில் விரித்திருந்தது வெள்ளைத் துணி. ஐரோப்பாவில் ஒரு பையருக்குப் போகிற ஷேர்ட். பையர் என்றால் எங்களுக்கு ஓர்டர் தருகிற கம்பெனி. முன்பு அனுப்பிய கன்டெய்னரில் ஒரு ஷேர்ட்டை எடுத்து அவர்கள் லெப்பில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பருத்தி எந்த மண்ணில் விளைந்தது என்றுகூட இப்போது கண்டுபிடிக்கலாமாம்.

மெனேஜர் ஃபோனைப் பார்த்து வாசித்தார். 

"ஷேர்ட்டோட உடம்பு ஒரு பருத்தி. பொக்கட் வேற பருத்தி. பொக்கட் சீனா."

நான் மேசைக்குக் கீழே இருந்த தட்டைப் பார்த்தேன். என்னோடு மேசையில் நின்ற ரம்சியாவும் பார்த்தாள். 

2. இரண்டு வெள்ளை

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் ஸ்டோரில் இரண்டு வகை வெள்ளைத் துணி இருந்தது. ஒன்று இலங்கையில் நெய்தது. மற்றது சீனாவில் நெய்தது. பார்வைக்கு ஒன்றுதான். ஐரோப்பாக்காரர்கள் நம் நாட்டுக்கு ஒரு சலுகை தந்திருந்தார்கள். இங்கே நெய்து இங்கே தைத்தால் அங்கே தீர்வை இல்லை. சீனத் துணியை வாங்கி இங்கே தைத்து மட்டும் அனுப்பினால் அந்தச் சலுகை கிடையாது. அது பழைய சட்டம். அதற்கு மேல் புதிதாக இன்னொன்று வந்தது. சீனாவில் ஒரு பகுதியில் ஆட்களைக் கட்டாயப்படுத்திப் பருத்தி எடுக்க வைக்கிறார்கள், அந்தப் பருத்தி கலந்த எதுவும் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். சீனா அப்படி ஒன்றும் இல்லை என்கிறது. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் பொக்கட் அந்தப் பகுதிப் பருத்தியா? இருக்கலாம் என்றார்கள் அவர்கள். இல்லை என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சீனத் துணி எப்படி வந்தது? பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். துணி மில்லுக்குக் கரண்ட் இல்லை, சாயம் இல்லை, எண்ணெய் இல்லை. எங்கள் முதலாளிக்குக் கொழும்பில் ஒருவரும் கடன் கொடுக்கவில்லை. அப்போது வெய் என்று ஒரு சீனாக்காரர் வந்தார். துணி ஏஜன்ட். முன்பு ரோட்டு வேலைக்கு வந்து இங்கேயே சிங்களம் படித்துக்கொண்டவர். "துணி இருக்கு. இப்ப எடுங்க, பிறகு பேசலாம்" என்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உள்ளூர்க் கடைகளுக்கான ஷேர்ட்டை அதில் தைத்தோம். அந்த வருஷம் நான்கு தையல் லைனும் ஓடியது அதனால்தான். இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

இனி எண்ட் பிட். துணி ரோல் முடியும்போது கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும். அதை நாங்கள் எறிய மாட்டோம். நிறம் பார்த்து மேசைக்குக் கீழே தட்டில் அடுக்குவோம். தையலில் ஒரு துண்டு பழுதானால் அதிலிருந்து வேறு வெட்டிக் கொடுப்போம். அந்த வேலைக்கு ரீகட் என்று பெயர். அந்த ஐரோப்பா ஷேர்ட்டின் பொக்கட் உள்ளங்கை அளவு. அதைப் பெரிய துணியில் வெட்டவே இல்லை. எல்லாப் பொக்கட்டையும் எண்ட் பிட்டில் எடுத்தோம். துணி மிச்சமானது. முதலாளி கூட்டம் வைத்து எங்கள் செக்‌ஷனைப் பாராட்டினார். எனக்கு ரைஸ் குக்கர் தந்தார்.

தட்டில் வெள்ளைக்கு மேல் வெள்ளை. இலங்கை வெள்ளையும் சீன வெள்ளையும் ஒரே அடுக்கு. ரோலைக் கலக்காதே என்று ஸ்டோரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நாங்கள் ரோலைக் கலக்கவில்லை. மிச்சத்துண்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

3. ஒரு பேர்

மெனேஜர் என்னை ஒஃபிஸுக்குக் கூப்பிட்டார்.

"சரோஜா அக்கே, யாரு செஞ்சது? பேர் சொல்லுங்க."

"ஒருத்தர் செஞ்சது இல்ல சேர். மேசையே அப்படித்தான் செய்யுது. அதுக்குத்தான் ரைஸ் குக்கர் குடுத்தீங்க."

"ரைஸ் குக்கர் கதைய விடுங்க. அடுத்த கிழமை வெள்ளைக்காரங்க வாறாங்க. அவங்களுக்கு முன்னால வைக்க ஒரு பேர் வேணும். இந்த ஆள்தான் செஞ்சது, அனுப்பிட்டோம், இனி நடக்காது. அப்பிடிச் சொன்னா ஓர்டர் கைய விட்டுப் போகாது. இல்லாட்டி ரெண்டு லைன் மூடணும். எத்தன பேர் வீட்டுக்குப் போவாங்க? நீங்களே சொல்லுங்க."

"பேர் குடுக்க மாட்டேன் சேர். வேணும்னா என் பேர எழுதுங்க."

"உங்க பேர எழுதினா செக்‌ஷன யாரு பாக்குறது?"

அவர் கெட்ட மனுஷன் இல்லை. மேலே இருந்து முதலாளி நெருக்கினார். எங்கள் ஊரில் ஒரு பிழை நடந்தால் முதலில் ஆளைத்தான் தேடுவார்கள். தோட்டத்தில் கங்காணியும் அப்படித்தான், கார்மென்டில் மெனேஜரும் அப்படித்தான்.

ரீகட் மேசையில் இருந்தது ஒருத்திதான். அதற்கு நான் பேர் சொல்லவே தேவையில்லை.

ரம்சியா அலவத்துகொடக்காரி. அவள் கணவர் மரம் தறிக்கப் போய் விழுந்து இடுப்பு போனவர். இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான். கை சுத்தமான வேலைக்காரி. அன்று பின்னேரம் அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள்.

"நான் இன்னொருக்கா பேசிப் பாக்குறேன் புள்ள" என்றேன்.

"வேணாம் அக்கா. ஒங்களையும் அனுப்பிருவாங்க." பேக்கை எடுத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "வெள்ளைக்காரனும் சீனாக்காரனும் எங்கயோ கோவிச்சுக்கிட்டாங்க. அலவத்துகொடயில என்ட அடுப்பு அணையிது. இத யார்ட்ட போய்ச் சொல்ற?"

4. அக்குறணையில் தண்ணீர்

அடுத்த கிழமை வந்தார்கள். பையரின் ஆளாக ஒரு வெள்ளைக்காரப் பெண். பெயர் ஹன்னா. உயரமானவர். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். அதிகம் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. தமிழ் சொல்ல ஒரு தம்பியைக் கூட்டி வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

ப்ளோர் முழுக்க நடந்தார்கள். கட்டிங் செக்‌ஷனுக்கு வந்ததும் ஹன்னா ஏதோ கேட்டார்.

தம்பி சொன்னார். "ரீகட் செய்த ஆள் ஆரெண்டு கேக்கிறா. அவவோட கதைக்க வேணுமாம்."

மெனேஜர் முன்னால் வந்தார். இதற்காகவே காத்திருந்தவர். ஆளை அனுப்பிவிட்டோம் என்று இங்கிலீஷில் சொன்னார். சொன்னபோது நிமிர்ந்து நின்றார்.

ஹன்னாவின் முகம் மாறியது. கேள்வி மேல் கேள்வி. மெனேஜரின் நிமிர்ந்த தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. நான் தம்பியைப் பார்த்தேன். அவர் மெல்லிய குரலில் எனக்குச் சொன்னார்.

"விசாரிச்சனீங்களோ எண்டு கேட்டா. இல்லையெண்டிட்டார். விசாரிக்காம எப்பிடி வேலையால நிப்பாட்டினீங்கள் எண்டு கேக்கிறா. அவவைப் பாக்காமல் தான் போகமாட்டனெண்டு நிக்கிறா."

மெனேஜர் என் பக்கம் திரும்பினார். தமிழ் வந்தது.

"அக்கே, வேன் எடுங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

காலையிலிருந்து மழை. அலவத்துகொடைக்குப் போகிற வழியில் அக்குறணை டவுனில் தண்ணீர் ஏறியிருந்தது. கடைக்காரர்கள் சாமான்களை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேன் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது.

ரம்சியா குசினியில் இருந்தாள். கடைக்குக் கொடுக்க, உள்ளே கறி வைத்த பெட்டிஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். வேலை போய் ஒரு கிழமை ஆகவில்லை, அதற்குள் வேறு வழி பார்த்துவிட்டாள்.

"என்ன அக்கா, ஃபெக்டரி வேன்ல வந்தீக்கிறீங்க? முதலாளி மாலை போடக் கூப்பிட்டாரா?"

"வெள்ளக்காரம்மா உன்னப் பாக்கணும்ங்குறாங்க."

"என்னத்துக்கு?"

"கேக்கணுமாம்."

"நான்தான் வேலையில இல்லயே. வேலையில இல்லாத ஆள்ட என்ன கேள்வி?" பெட்டிஸைத் திருப்பிப் போட்டாள். "வெளிய போ எண்டா போக, உள்ள வா எண்டா வர, நான் என்ன ஃபெக்டரி நாயா?"

நான் நனைந்த செருப்பை வாசலில் கழற்றினேன். 

உள்ளே படுத்திருந்த அவள் கணவர் குரல் கொடுத்தார். "போயிட்டு வா ரம்சியா. போகாட்டி நீ களவு செஞ்சதுண்டு ஆயிரும்."

"நான்தானே வெட்டினேன்."

"வெட்டினது வேற. களவு வேற."

அவள் அடுப்பைக் குறைத்தாள். 

"என்ன சொல்லணும்? சேர் சொல்லித் தந்து அனுப்பினாரா?"

"தந்தாரு. நான் காதுல வாங்கல. நடந்ததச் சொல்லு."

அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பை. மேசைப் பிள்ளைகளுக்கு என்று சூடாகப் பெட்டிஸ் கட்டியிருந்தாள்.

5. கேட்க வந்தவர்

மீட்டிங் ரூமில் உட்கார்ந்தோம். ஹன்னா, தம்பி, மெனேஜர், ரம்சியா, நான். பால் இல்லாத ப்ளேன்டீ வந்தது.

"உங்களை ஆரும் இப்பிடிச் செய்யச் சொன்னவையோ எண்டு கேக்கிறா."

"ஒத்தரும் சொல்லல்ல."

"பின்ன ஏன் செய்தனீங்கள்?"

"துணிய வீணாக்கப்படாது. அவ்வளவுதான்."

"எது சீனத் துணி எண்டு பாத்தா உங்களுக்குத் தெரியுமோ?"

"பாத்தா தெரியாது. கையில புடிச்சா தெரியும். கொஞ்சம் வழுவழுண்டு ஈக்கும்."

மெனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். தெரியாது என்று சொல்லச் சொல்லித்தான் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தெரிஞ்சுகொண்டும் ஏன் போட்டனீங்கள்?"

"சீனாத் துணிண்டு தெரியும். போடப்படாதுண்டு தெரியாது. வெள்ளைக்கு வெள்ளை ஒத்து வந்திச்சி. போட்டேன்." ரம்சியா நேராக ஹன்னாவைப் பார்த்தாள். "அந்தப் பருத்திய யாரையாவது அடிச்சு எடுக்க வச்சாங்களாண்டு எனக்குத் தெரியா. தெரிஞ்சீந்தா போட்டீக்க மாட்டேன். அதையும் சொல்லுங்க தம்பி."

தம்பி சொன்னார். ஹன்னா பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஆள் பிழையெண்டா ஆளை மாத்தலாமாம். இது ஆள் பிழையில்லையாம். மிச்சத்துண்டுக்கு இங்க ஒரு ஒழுங்கு இல்லையாம். நாளைக்கு வேற ஆள் வந்தாலும் இதேதான் நடக்குமாம். தனக்கு ஒருத்தற்ற பேரும் வேண்டாமாம்." நிறுத்திவிட்டு மெனேஜரைப் பார்த்தார். "இவவை நிப்பாட்டினது இன்னொரு பிழையாம். அதையும் எழுதுறாவாம்."

 மெனேஜர் கையில் வைத்திருந்தது ஒரு பேர். அதற்கு அங்கே விலை இல்லை.

ஆனால் ஹன்னா முடிக்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்த ஷேர்ட்டுகளை விற்க மாட்டார்கள். இங்கே பெட்டியில் கட்டி வைத்திருக்கிறதையும் எடுக்க மாட்டார்கள். எந்தப் பொக்கட் இலங்கை, எந்தப் பொக்கட் சீனா என்று தைத்து அயர்ன் பண்ணிய பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே எல்லாமே வேண்டாம். ரம்சியா குற்றவாளி இல்லை. ஓர்டரும் இல்லை.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கலாமா என்று தம்பியிடம் கேட்டேன்.

"ஓம், கேளுங்கோ."

"இவங்க ஊருக்குச் சீனாவில இருந்து சாமானே வர்றது இல்லையா?"

ஹன்னா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். நேர்மையாகத்தான் சொன்னார்.

"வருகுதாம். நிறைய வருகுதாம். ஃபோன், மருந்து, இப்ப மோட்டர் காரும். தங்கட ஃபெக்டரியளே அதுக்கு முன்னால நிக்கேலாமல் கிடக்காம். சீனாவை நம்பி இருக்கிறது கூடிப்போச்செண்டு தங்கட அரசாங்கங்களுக்கு இப்பதான் பயம் வந்திருக்காம். ஒரேயடியா விடேலாது, மெல்ல மெல்லக் கையை எடுக்கினமாம்."

நான் அதை யோசித்தேன். பெரிய நாடுகள் மெல்ல மெல்லக் கையை எடுக்கலாம். அவர்களுக்கு நேரம் இருக்கிறது. எங்கள் மேசையில் ஒரே நாளில் எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் மனதில் வந்தது. ஹன்னாவின் முன்னால் இருந்த டீ ஹந்தானைத் தேயிலையோ வேறு தோட்டத்துத் தேயிலையோ. என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் அவர்கள் ஊரில் இதைக் குடித்தவர்கள் யார் பறித்தது, எப்படிப் பறிக்க வைத்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் லயத்துக் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதைச் சொல்லவில்லை. இந்தப் பெண் கேட்க வந்தவர். இப்போதாவது கேட்கிறவரிடம் முன்பு ஏன் கேட்கவில்லை என்று மல்லுக்கு நிற்பது சரியாகப் படவில்லை. கேட்கத்தான் வேண்டும். அந்தப் பருத்திக் காட்டில் நிற்கிறவளும் எங்களைப் போல ஒருத்திதான்.

6. வெய்

ரூமை விட்டு வெளியே வந்தால் நடையில் வெய் நின்றார். கையில் துணி சாம்பிள். அன்று வெள்ளைக்காரர்கள் வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருப்பார்.

ஹன்னாவும் அவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான். ஹன்னா இங்கிலீஷில் கேட்டார். வெய் இங்கிலீஷில் பதில் சொன்னார். தம்பி எங்கள் காதருகில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இந்தப் பருத்தி எங்கயிருந்து வந்ததெண்டு கேக்கிறா. மில்லில இருந்தெண்டு சொல்றார். மில்லுக்கு எங்கயிருந்து வந்ததெண்டு கேக்கிறா. பருத்தி குடுக்கிறவரிட்ட இருந்தெண்டு சொல்றார். அவருக்கு எங்கயிருந்தெண்டு கேக்கிறா. அது அவற்ற வியாபாரமாம்."

ரம்சியா எனக்கு மட்டும் கேட்க முணுமுணுத்தாள். "மாமியாரும் மருமகளும் மாதிரி ஈக்கிறாங்க. சிரிச்சிக்கிட்டே."

ஹன்னா ஒஃபிஸ் பக்கம் போன பிறகு வெய் என்னிடம் வந்தார். சிங்களத்தில் பேசினார். அவர் சிங்களம் என்னுடையதை விட நல்லது.

"அக்கே, அவங்களுக்கு எல்லாம் எழுத்துல வேணும். எனக்கு வேலை நடக்கணும். எங்க அம்மாவும் மெஷின்ல தைச்சவங்கதான். யாரும் வந்து அவங்ககிட்ட ஒண்ணும் கேட்டது இல்ல. எங்களை வளர்த்தாங்க."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்றேன்.

அவர் யோசித்தார். சாம்பிளைச் சுருட்டினார். பதில் சொல்லவில்லை. அதன்பிறகு அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது. பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

7. கழற்றினோம்

மெனேஜர் இலங்கை மில்லுக்கு ஃபோன் எடுத்தார். பெட்டியில் இருந்த ஷேர்ட்டுக்குப் புதுப் பொக்கட் தைத்தால் எடுப்பார்கள் என்று நினைத்தார், அதற்கு இலங்கைத் துணி வேண்டும். மில்காரர் அடுத்த மாதம் என்றார். கப்பல் அதற்கு முன்பே போய்விடும். பக்கத்தில் நின்ற வெய் தன்னிடம் நாளைக்கே துணி இருக்கிறது என்றார். மெனேஜர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரம்சியாதான் கேட்டாள். "பொக்கட் இல்லாட்டி என்ன?"

"என்ன?"

"கழட்டுவோம். ஷேர்ட் ஷேர்ட்தானே."

ஹன்னா அதற்குள் வேனில் ஏறப் போயிருந்தார். தம்பி குடை இல்லாமல் மழையில் ஓடிப் போய் நிறுத்தினார். ஹன்னா திரும்பி வந்தார். ஃபோனில் அவர் ஊரோடு வெகு நேரம் பேசினார். இரண்டு நிபந்தனை. இங்கே இருக்கிற ஷேர்ட்டில் ஒரு பொக்கட் கூட மிஞ்சக்கூடாது. கழற்றிய பொக்கட் எல்லாவற்றையும் அழித்துக் காட்ட வேண்டும். விலை குறையும். சரி என்றோம்.

வெள்ளை ஷேர்ட்டில் பொக்கட் கழற்றுவது லேசான வேலை இல்லை. இழுத்தால் துணி கிழியும். நூலை ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். பொக்கட் இருந்த இடம் பொக்கட் மாதிரியே நிற்கும். அதற்கு ஸ்டீம் காட்டி நகத்தால் குறுக்கும் நெடுக்கும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். நூல் நகர்ந்து ஓட்டை மூடும்.

எல்லாச் செக்‌ஷனும் உட்கார்ந்தது. மெஷின் சத்தம் இல்லாத ஃபெக்டரியை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒஃபிஸ் பிள்ளைகள், செக்யூரிட்டி ஐயா, மெனேஜர், எல்லோரும் தேய்த்தார்கள். மெனேஜருக்கு நகம் இல்லை. ஒரு ரூபாய் நாணயக் குற்றியால் தேய்த்தார். அது சரிவரவில்லை, துணி கறுத்தது. ரம்சியா பிடுங்கி எடுத்தாள்.

"சேர், நீங்க பெட்டிஸ் சாப்பிடுங்க. அது போதும்."

கத்தி நின்ற நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தோம்.

வெய்யும் ஒரு நாள் வந்து பார்த்தார். கழற்றிய பொக்கட்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவர் துணியும் எங்கள் துணியும். ஒன்றை எடுத்து விரலால் தடவினார். வைத்துவிட்டுப் போனார்.

ஷேர்ட்டுகள் போயின. பொக்கட்டுகளை முற்றத்தில் எரித்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். நல்ல துணி. எரிந்தபோது ரம்சியா பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

8. பிறகு

ரம்சியாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வராத நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தார்கள். அது ஹன்னா எழுதியதால் கிடைத்தது. அந்தப் பெண் இல்லாவிட்டால் கிடைத்திருக்காது. இதைச் சொல்ல வேண்டும்.

அடுத்த சீசனுக்கு அந்தப் பையர் வரவில்லை. சண்டை போட்டு அல்ல. நன்றாகத்தான் சொன்னார்கள். எங்கள் மேல் பிழை இல்லையாம். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் பதில் சொல்லக்கூடிய பெரிய ஃபெக்டரிகளோடு மட்டும் இனி வேலை செய்யப் போகிறார்களாம். சட்டம் அப்படி இறுகுகிறதாம். மூன்றாவது லைனும் நான்காவது லைனும் மூடப்பட்டன. அதில் இருந்த பிள்ளைகள் சிலர் குவைத்துக்குப் போனார்கள். சிலர் வீட்டோடு நின்றார்கள். ஹந்தானையிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்துபோன இரண்டு பேர் திரும்பக் கொழுந்து பறிக்கப் போனார்கள். இதையும் சொல்ல வேண்டும்.

மிச்ச இரண்டு லைனுக்கு வெய்தான் ஓர்டர் கொண்டு வந்தார். சீனக் கம்பெனி. துணி அவர்களுடையது பாதி, இங்கத்தையது பாதி. தைத்துக் கொடுத்தால் போதும். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கவில்லை. ஓவர்டைம் யார் போடச் சொன்னது என்று கேட்கவில்லை. முதல் மாதம் அது சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஓவர்டைம் கூடியது. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். யாரிடம் சொல்வது என்று தேடினால் கேட்க ஆளில்லை.

நான் மேசைக்குக் கீழே இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் இலங்கை எண்ட் பிட். மற்றதில் சீன எண்ட் பிட். ஒவ்வொரு துண்டிலும் எந்த ரோல் என்று சோக் கட்டியால் எழுதச் சொன்னேன். ஓவர்டைம் போட்டவர்கள் பேரையும் சுவரில் எழுதினோம்.

மெனேஜர் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். "இது எதுக்கு அக்கே? இப்ப யாரும் கேக்குறது இல்லையே."

"நாங்க கேக்குறோம் சேர்."

அவர் திரும்பிப் போய்விட்டார். சுவரில் எழுதியதை அழிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்று வந்த பிறகு ரம்சியாதான் அந்த மேசையைப் பார்க்கிறாள். போன மாதம் ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, வெய் வந்தீந்தாரு. என்ட மேசைக்கே வந்து கேக்குறாரு, இதுல எங்கட துணி எது, ஒங்கட துணி எதுண்டு."

"அவருக்கு எதுக்காம்?"

"இந்த ஷேர்ட்டும் ஐரோப்பாக்குத்தான் போகுதாம் அக்கா. அங்க கேக்குறாங்களாம். அவருக்குப் பதில் சொல்லிக்க ஏலல்ல. வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்கிறாரு."

"நீ என்ன செஞ்ச?"

"ரெண்டு தட்டையும் இழுத்துக் காட்டினேன். அவரு நிண்டு பாத்தாரு. பொறகு சுவர்ல இருந்த பேரையும் வாசிச்சாரு. இது என்னண்டு கேட்டாரு. சொன்னேன்.  அடுத்த நாள் ஓவர்டைம் கொறஞ்சிச்சி."

பிள்ளைகளே, பெரிய நாடுகள் நாளைக்குச் சண்டை பிடிக்கும், மறுநாள் சேரும். அதை நாம் நிறுத்த முடியாது. அது நம்மிடம் வரும்போது ஒரு கேள்வியாகத்தான் வரும். யார் வெட்டியது, எங்கிருந்து வந்தது, யார் செய்ய வைத்தது. கேட்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பதிலை மேசையில் வையுங்கள். பதிலுக்குப் பதிலாக ஒருத்தியின் பேரை வைக்காதீர்கள்.

அந்தப் பொக்கட் கழற்றிய ஷேர்ட்டுகளில், பழுது என்று ஒதுக்கிய ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். மகன் வேலைக்குப் போடுகிறான். துவைத்துத் துவைத்து ஊசி ஓட்டைகள் மூடிவிட்டன, கண்ணுக்குத் தெரியாது. அயர்ன் பண்ணும்போது என் விரல் மட்டும் பொக்கட் இருந்த அந்த இடத்தில் நிற்கும்.